‘வெனிஸ் பார்த்தாச்சு’ என்பவர்களுக்கு

காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிற எங்கள் கோஷ்டியில் ஒருவர் சமீபத்தில் ஐரோப்பா போய் வந்தார். பத்து நாள், ஏழு நாடு. கைபேசியில் ஆயிரத்துச் சொச்சம் படங்கள். நடையை முடித்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். வெனிஸ் வந்தது. “எப்படி சார் இருந்தது?” என்று ஒருவர் கேட்டார்.

“பார்த்தாச்சு. சுத்தித் தண்ணி, நடுவில ஒரு சர்ச். நாலு மணி நேரம் குடுத்தான், ரெண்டே போதும். இதுக்குப் போய் ஊருக்குள்ள நுழையவே ஆளுக்கு அஞ்சு யூரோ வாங்குறான். பகல் கொள்ளை!”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அங்கேயே வாயைத் திறந்திருந்தால் நடைப்பயிற்சியில் குறைந்த ரத்த அழுத்தம் திரும்ப ஏறியிருக்கும். அதனால் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தேன். ஓய்வு பெற்ற மறு வருடம், 2016ல், பணிக்கொடையில் ஒரு பங்கை எடுத்து மனைவியும் நானும் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனோம். கூடவே சமையல்காரர், மூன்று வேளையும் நம் சாப்பாடு. பேருந்தை திரோங்கெத்தோ என்ற தீவில் நிறுத்தி, அங்கிருந்து படகில் கொண்டுபோய் சான் மார்கோ சதுக்கத்தின் அருகே இறக்கினார்கள். கொடி பிடித்த பையன் பின்னால் ஓடினோம். ஒரு கண்ணாடிப் பட்டறையில் ஊதிக் காட்டினார்கள். அதில் முக்கால் மணி நேரம் போயிற்று. கழிப்பறை வரிசையில் அரை மணி. சதுக்கத்தில் நின்று படம். திரும்பப் படகு. இரவு தங்கியது வெனிஸிலேயே இல்லை. நிலப்பரப்பில் ஒரு நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில். ஊருக்கு வந்து பத்துப் பேரிடமாவது “வெனிஸ் பார்த்தாச்சு” என்று நானும் சொன்னேன். அந்தப் பொய்க்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

ஒன்பது வருடம் கழித்து, 2025 மே மாதம், மறுபடி வாய்ப்பு வந்தது. என் மகள் மியூனிக்கில் இருக்கிறாள். என்னோடு ஒரே வங்கியில் முப்பது வருடம் குப்பை கொட்டிய நண்பரும் அப்போது ஸ்டுட்கார்ட்டில் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். “வாரும் வேய், ஒரு ஊருக்குப் போயிட்டு வருவோம்” என்றார். மியூனிக்கிலிருந்து வெனிஸுக்கு நேர் ரயில் இருக்கிறது. ஏறக்குறைய ஏழு மணி நேரம், ஆல்ப்ஸ் மலையைக் கடந்து போகும். நான்கு இரவு தங்குவதாகத் திட்டம்.

சாந்தா லூசியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் படிகள், அதன் கீழே பெரிய கால்வாய். ஆட்டோ, கார், சைக்கிள் ஒன்றும் கிடையாது. நண்பர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். முப்பது வருடத்தில் அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

நாலு நாளில் நாங்கள் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஒன்றாம் எண் படகில் ஏறி கடைசி வரை போய்த் திரும்பினோம். ஒரு தடவைக்கு ஒன்பதரை யூரோ என்பதால் பல நாள் சீட்டு வாங்கிக்கொண்டோம். ரியால்டோ சந்தையில் காலை எட்டு மணிக்கு நின்று தக்காளியும் கத்தரிக்காயும் பேரம் பேசாமல் வாங்கினோம். 1591ல் கட்டி முடித்த கல் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. அந்தப் பாலத்தடியில்தான் ஒரு காலத்தில் நம் மலையாளக் கரையிலிருந்து போன மிளகு கைமாறியது. 1498ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்குக் கடல் வழி கண்டுபிடித்ததும் இந்த ஊர் வியாபாரிகள் கலங்கிப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் வாஸ்கோடகாமாவைப் படித்தோம். அவரால் யாருக்கு நட்டம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சான் மார்கோ மணிக்கூண்டில் மின்தூக்கி இருக்கிறது. முழங்கால் பயம் இல்லாமல் ஏறலாம். அது பழைய கோபுரம் இல்லை. 1902 ஜூலை 14 அன்று காலையில் அப்படியே சரிந்து விழுந்துவிட்டது. பத்தே வருடத்தில், இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே, திரும்பக் கட்டி 1912ல் திறந்தார்கள். யூதர்களை 1516ல் ஒதுக்கி அடைத்த ‘கெட்டோ’ என்ற இடத்தையும் பார்த்தோம். உலகம் முழுக்கப் புழங்கும் அந்தச் சொல் அங்கிருந்துதான் வந்தது. பரவ இடம் இல்லாததால் வீடுகள் மேல்நோக்கி ஏழெட்டு அடுக்காக வளர்ந்திருக்கின்றன. இவையெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது மூன்றாம் நாள் இரவில் நடந்தது.

நாங்கள் தங்கியது ஹோட்டலில் இல்லை. கன்னரேஜியோ என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், நாள் வாடகைக்கு விடும் வீடு. ஹோட்டலை விட மலிவு. அதைவிட முக்கியம், அடுப்பு இருந்தது. நண்பருக்கு ராத்திரி ரசஞ்சாதம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. புளியும் பொடியும் பெட்டியிலேயே கொண்டுவந்திருந்தார். வாசலில் எண் பூட்டு. குறுஞ்செய்தியில் வந்த எண்ணை அமுக்கினால் சாவி கிடைக்கும். வீட்டுக்காரர் ஆணா பெண்ணா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

இரவு பத்து மணி. உலாவிவிட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தோம். அங்கே மாடிப்படி விளக்கு பொத்தானை அமுக்கினால் கொஞ்ச நேரம் எரிந்து தானே அணைந்துவிடும். நண்பர் முன்னால், நான் பின்னால். விளக்கு அணைந்தது. ஒரு சத்தம். அவர் நாலு படி சறுக்கி வந்து என் காலடியில் விழுந்தார். வலது கணுக்கால் நிமிஷத்தில் வீங்கிவிட்டது. முகம் வெளுத்து, வியர்த்து, “நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு வேய்” என்றார். அவருக்கு ஏற்கெனவே இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எழுபத்தோரு வயது. என் கை நடுங்கியது.

நான் செய்தது நம்மில் யாராக இருந்தாலும் செய்வதுதான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. கீழ் மாடிக்கு ஓடி அங்கே இருந்த இரண்டு கதவையும் தட்டினேன். ஒன்றில் எண் பூட்டு தொங்கியது. இன்னொன்றைத் திறந்த இளம் ஜோடி அன்று சாயங்காலம்தான் வந்து இறங்கியவர்கள், பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள்! வீட்டுக்காரரின் எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். “உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி” என்று இயந்திரம் பதில் போட்டது. மணிக்கணக்காகப் பார்த்து வியந்த ஊரில், அந்த நேரத்தில் ஒரு மனிதர் இல்லை.

அப்போது மேலே மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. எண்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மா, இரவு உடையில், சுவரைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கி வந்தார். நண்பரைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்ப ஏறிப்போய் போன் செய்தார். பிறகு ஒரு துணியில் பனிக்கட்டியைச் சுற்றிக் கொண்டுவந்து கணுக்காலில் வைத்து, படகு வரும் வரை நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

படகு என்றுதான் சொல்கிறேன். அங்கே ஆம்புலன்ஸ் படகுதான். நண்பரை நாற்காலியில் கட்டி இறக்கி, கால்வாய் வழியே ஊர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆஸ்பத்திரியின் முகப்பைப் பகலில் பார்த்தால் அரண்மனை என்று படம் எடுப்பீர்கள். பழைய காலத்தில் ஒரு தர்ம சங்கத்தின் மாளிகை. எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, இதயத்திலும் கோளாறு இல்லை. சுளுக்கும் பயமும்தான். விடியற்காலை மூன்று மணிக்குத் திரும்பினோம்.

மறுநாள் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல நான் மட்டும் மேலே போனேன். காபி கொடுத்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலம், என் கைபேசியின் மொழிபெயர்ப்பு இரண்டையும் வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். அந்தக் கட்டடத்தில் ஏழு வீடுகள். ஏழிலும் குடும்பங்கள் இருந்தனவாம். இப்போது குடியிருப்பவர் அவர் ஒருவர்தான். மற்ற ஆறும் எங்களைப் போன்றவர்களுக்கு. இரவெல்லாம் படியில் பெட்டிச் சக்கரங்களின் சத்தம். வாரத்துக்கு நாலு பேர் தவறாக அவர் மணியை அடிப்பார்கள். ரொட்டிக்கடை முகமூடி விற்கும் கடையாகிவிட்டது. ஆணி, பல்பு வாங்குகிற கடை மூடிவிட்டது. மூன்று மாடி ஏற வேண்டாம், இடம் மாறுங்கள் என்று டாக்டர் சொல்கிறாராம். கடைசியாக ஒன்று சொன்னார்: “நான் போனால் இதுவும் உங்கள் வீடு மாதிரி ஆகிவிடும்.”

அவர் கோபத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் காபி இறங்கவில்லை. ‘உங்கள் வீடு’ என்று அவர் சொன்னது நாங்கள் ரசம் வைத்த வீட்டை. அதில் முன்பு இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் இருந்ததாம். அந்தக் குடும்பம் அங்கே இருந்திருந்தால், இரவு பத்து மணிக்கு நான் தட்டிய கதவு திறந்திருக்கும். அதைத் திறக்கவிடாமல் செய்தவர்களில் நாங்களும் இருக்கிறோம், அதற்குப் பணமும் கொடுத்திருக்கிறோம்.

இது ஒரு கட்டடத்தின் கதை இல்லை. 1951ல் அந்தத் தீவு நகரத்தில் ஏறக்குறைய 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022ல் அது 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. ரியால்டோ அருகே ஒரு மருந்துக்கடை ஜன்னலில் ஊரின் ஜனத்தொகையை எண் பலகையில் போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் இறங்குவதைப் பார்க்கிற மாதிரி ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். 2023ல் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. நெப்போலியன் 1797ல் அந்தக் குடியரசைக் கவிழ்த்தான், ஊர் பிழைத்தது. 1966லும் 2019லும் கடல் புகுந்தது, ஊர் பிழைத்தது. இப்போது வெள்ளத்தைத் தடுக்கக் கடல் வாயில் இரும்புக் கதவுகள் போட்டுவிட்டார்கள். 2020ல் இருந்து அவை வேலை செய்கின்றன. பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிற நம்மைத் தடுக்கத்தான் கதவு இல்லை.

இனி மைதானத்து நண்பருக்கு வருகிறேன். அவர் கட்சியை நியாயமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அஞ்சு யூரோ கொள்ளை என்கிறார். 2024ல் தொடங்கிய அந்தக் கட்டணம் வருடம் முழுக்கக் கிடையாது. முதல் வருடம் 29 நாள், அடுத்த வருடம் 54 நாள், கூட்டம் அலைமோதும் தினங்களில் மட்டும், காலை எட்டரை முதல் மாலை நாலு மணி வரை. கடைசி நேரத்தில் பதிவு செய்தால் பத்து யூரோ. அதே சதுக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தால் அதைவிடக் கூடுதலாகக் கொடுப்போம், முனகமாட்டோம். நாம் போட்ட குப்பையை அவர்கள் படகில் அள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த முனகல் எடுபடாது.

ஆனால் கட்டணம் கட்டிவிட்டதால் கடன் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். அது தொடங்கிய நாளில் எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் வெனிஸ்வாசிகளே. ஊரை மியூசியமாக்கி வாசலில் சீட்டுக் கிழிக்காதே என்றார்கள். நியாயமான கோபம். முதல் வருடம் சுமார் 24 லட்சம் யூரோ வசூலானது. அதனால் அந்த அம்மாவின் மாடிப்படியில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கூடவில்லை. இன்னொரு வேடிக்கை: ஊருக்குள் தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. தங்கும் வரி என்று இரவுக்குக் கொஞ்சம் கட்டினோம், கட்டண விலக்குக்கு ஒரு சீட்டு பதிவு செய்துகொண்டோம், அவ்வளவுதான். நாலு மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறவனிடம் நுழைவுக் கட்டணம். ஒரு குடும்பத்தின் வீட்டில் குந்திக்கொண்டவனுக்கு விலக்கு. நாள் வாடகை வீடுகளைக் கட்டுப்படுத்த வெனிஸ் நகராட்சிக்கு 2022லேயே இத்தாலியப் பாராளுமன்றம் சிறப்பு அதிகாரம் கொடுத்தது. சீட்டுக் கிழிப்பதில் காட்டிய வேகத்தை அதிலும் காட்டட்டும்.

“நாம போகலைன்னா அவங்க சோத்துக்கு என்ன செய்வாங்க?” என்பது அடுத்த கேள்வி. வங்கியில் வேலை பார்த்தவனிடம் கேட்கிறீர்கள், வங்கிக்காரன் பாஷையிலேயே சொல்கிறேன். வட்டியில் சாப்பிடலாம், அசலில் கை வைக்கக் கூடாது. கோயிலும் பாலமும் கால்வாயும் பார்க்க வருகிறவன் தருவது வட்டி. குடியிருக்கிற வீடுதான் அசல். அசலைத் தின்றுவிட்டு வருமானம் பெருகியிருக்கிறது என்று சொன்னால் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போடமாட்டார்.

மூன்றாவது, எனக்கே மனசு இளகுகிற கேள்வி. “நமக்கு வயசு எழுபது. இன்னொரு தடவை போவோமா? ஒரே மூச்சில் ஏழு நாட்டையும் பார்த்தால்தானே உண்டு?” இதைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நாளில் ஏழு நாடு என்றால் விழித்திருக்கிற நேரத்தில் பாதி பேருந்தில். மீதியில் பாதி சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும். காலை ஆறு மணிக்குப் பெட்டியை வாசலில் வை, ஏழுக்கு ஏறு. நம் வயதில் இது தண்டனை. இன்னொரு தடவை வாய்ப்பில்லை என்பதால்தான் சொல்கிறேன், ஒரு ஊரையாவது ஒழுங்காகப் பாருங்கள். ஏழு நாட்டில் ஒரு மனிதரோடும் பேசாமல் திரும்புவதற்கு, வீட்டில் உட்கார்ந்து யூடியூபில் பார்க்கலாம். கால் வலியாவது மிச்சம்.

“ஹோட்டல் வாடகை யார் கொடுப்பது?” என்று நண்பரே என்னிடம் சண்டைக்கு வந்தார். சரிதான், விலை அதிகம். அதற்கு நாளைக் குறையுங்கள், ஊரைக் குறையுங்கள். நாலு இரவு முடியாவிட்டால் இரண்டு இரவு. கூட்டம் குறைந்த நவம்பரில் போங்கள். குளிர்தான், ஆனால் வாடகை இறங்கும். நம் வயதில் இன்னொரு லாபமும் உண்டு: இரவில் விழுந்தால் கீழே வரவேற்பறையில் ஒரு ஆள் இருப்பார். ரசத்தைப் பொறுத்தவரை, மருந்துக்குப் பத்தியம் இருக்கிற நாம் மூன்று நாள் தக்காளிப் பாஸ்தாவுக்கு இருக்கக்கூடாதா?

இதை எழுதி முடித்து நண்பருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “எல்லாம் சரி வேய். நீரும் நானும் அங்க ரசம் வச்சுக் குடிச்சதையும் எழுதிட்டீரா?” என்றார். எழுதிவிட்டேன் என்றேன். “அப்பம் சரி, போடும்” என்றார்.

அந்த அம்மாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினோம். ஜனவரி கடைசியில் பதில் அட்டை வந்தது. இன்னும் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறாராம்.

மறுப்பு இருக்கிறவர்கள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். சிமெண்டு பெஞ்சில் இருப்பேன்.